முதல் குரலுக்குப் பதில் சொல்லாதவர்கள்

கிளினிக்கில் இப்போதெல்லாம் நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது மனிதர்கள் இல்லையாம். சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. கிளார்க் பெயரைத் தட்டியதும் அதிலிருந்து ஒரு பெண்குரல் சிங்களத்திலும் தமிழிலும் கூப்பிடுகிறது. என்னிடம் வேலை பழகிய பிள்ளை ஒருத்தி போன மாதம் இதைச் சொல்லத்தான் போன் எடுத்தாள். ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவரின் மகள், கெட்டிக்காரி, இப்போது அந்தக் கிளினிக்குக்குப் பொறுப்பாக இருக்கிறாள்.

"மிஸ், காலையில ஒரு பிரச்சினையும் இல்ல. சாயங்காலம் ஆகி இருட்டு கட்டிருச்சுன்னா, பேரு கூப்பிட்டா ஒருத்தரும் எழும்ப மாட்டேங்குறாங்க. பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. போய்க் கேட்டா, 'கேட்டுச்சுங்க மிஸ்ஸி'ன்னு சொல்றாங்க. கேட்டுச்சுன்னா எழும்ப வேண்டியதுதானே?"

"பொட்டி எத்தன தடவ கூப்பிடுது?"

"ஒரு தடவதான்."

"அத மூணாக்கச் சொல்லு."

டவுனில் பிறந்த பிள்ளை, அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு, புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வந்து பேசுங்கள் மிஸ் என்று பிடிவாதம் பிடித்தாள். மேடையேறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். நோயாளியோடு அன்பாகப் பேசுங்கள் என்ற உபதேசத்தை எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு எழும்பிப் போகலாம். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான்.

நான் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். பரீட்சை பாஸாகி, கீழ்நாட்டில் நர்சிங் படித்தேன். பாடம், விடுதி, சண்டை, சமாதானம் எல்லாம் சிங்களத்தில். கடைசியில் கனவு கூட சிங்களத்தில் வந்தது. படித்து முடிந்ததும் எங்கள் மலைக்கே திரும்பி அனுப்பினார்கள். பெண்கள் வார்டில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து ஆட்கள். நர்ஸ்மாரில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. ஆகவே எனக்கு இரண்டு வேலை. ஒன்று என் வேலை, மற்றது எல்லோருடைய வாய் வேலை. ஊசியைப் பாதியில் வைத்துவிட்டு வார்டின் மறுகோடிக்கு ஓட வேண்டும்.

மொழி தெரியாதது மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் வெள்ளை உடுப்பைக் கண்டால் எதற்கும் "ஆமாங்க" என்பார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் ஆமாங்க. வலி போய்விட்டதா என்றாலும் ஆமாங்க. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலைமுறை தலைமுறையாகத் துரைமாருக்குச் சொல்லிப் பழகிய பதில் அது. மொழியைப் படித்துக்கொள்ளலாம். இந்த ஆமாங்கவுக்கு என்ன மருந்து? எனக்கே சில நேரம் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் வார்டுக்கு அப்போது சோமலதா சிஸ்டர் பொறுப்பாக இருந்தார். கினிகத்தேனைக்காரி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. சப்பாத்துச் சத்தமில்லாமல் நடப்பார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். தலையில் அடிபட்டு வரும் நோயாளியைக் கவனிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதை மீறினால் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். தொடக்கூடாது. சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண் திறக்கிறதா, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சற்று உரத்து. அதற்கும் இல்லாவிட்டால்தான் தோளைத் தட்டுவது, நகத்தை அழுத்துவது எல்லாம். பிறகு பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், இன்றைக்கு என்ன நாள் என்று கேட்க வேண்டும். பிறகு கண்மணியில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் நம் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மணிக்கு ஒரு தடவை இதே ஒழுங்கில். "தலைக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. கதவைத் தட்டுகிறோம். உள்ளே இருப்பவர் எவ்வளவு வேகமாக வந்து திறக்கிறார் என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்" என்று ஒருமுறை சொன்னார்.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் நான் சொல்லப்போகும் விஷயம் தொடங்கியது. வார்டின் கடைசி ஜன்னலுக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரங்கள். அவற்றுக்கு அப்பால் தேயிலை மலை இறங்கிப் போகும். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பனிமூட்டம் மலையிலிருந்து ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். மரங்கள் மறைந்துவிடும். அந்த ஜன்னலோரக் கட்டிலில் பாக்கியம் என்ற வயதான பெண் நெஞ்சு நோவோடு படுத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் நல்ல சுகமாக இருந்தார். சோறு சாப்பிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, "என்னா, என்னையா?" என்று கேட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். ஒன்றும் பலிக்கவில்லை.

நெஞ்சு நோய்க்காரருக்கு அப்படி நடப்பதுதான். ஆனால் மறுநாள் சாயங்காலம் மருந்து கொடுக்கப் போன நில்மினி அழுதுகொண்டு திரும்பி வந்தாள். நில்மினி எங்களில் இளையவள், காலிப் பக்கத்துப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்த தமிழ் வா, போ, படு, வாயைத் தொற. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிங்களத்தில் "அக்கே" என்று ஒட்டிவிடுவாள், அதுதான் அவள் மரியாதை. பெயர்களை வாசித்துக் கூப்பிட்டிருக்கிறாள். வார்டு முழுக்க ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கண் விழித்துப் படுத்திருக்கிறார்கள், அவளையே பார்க்கிறார்கள், பதில் மட்டும் இல்லை.

"நான் என்ன பிழை செய்தேன்? எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஒதுக்குகிறார்கள்" என்று விம்மினாள்.

எனக்கு உடனே விளங்கியது. லயத்தில் பிறந்த எவளுக்கும் விளங்கும். பொழுது சாய்ந்த பிறகு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவது குரலுக்கும் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுசர். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தடவை. மற்றது என்றால் என்ன என்று கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் சொல்ல மாட்டார்கள். பாக்கியம் முதல் குரலுக்கே பதில் சொன்னதை வார்டு முழுக்கப் பார்த்திருக்கிறது. அதன் பிறகு எவள் வாய் திறப்பாள்?

சிஸ்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நம் ஆட்களை நாமே காட்டிக்கொடுப்பது போல இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த டோர்ச்சை எடுத்து வைத்தார்.

"எங்கள் வீட்டிலும் அம்மா இருட்டிய பிறகு ஒரே கூப்பிடலுக்கு வெளியே விடமாட்டார்" என்றார். "சரி. விளக்கு போட்ட பிறகு இந்த வார்டில் யாரைக் கூப்பிட்டாலும் மூன்று தடவை. தலையில் அடிபட்டவர்களையும் மூன்று தடவை. ஒரே குரலில், அவசரப்படாமல்."

நில்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெயருக்கு மூன்றாக ஏலம் போட்டாள். மூன்றாவது குரலில் கட்டிலுக்குக் கட்டில் "இருக்கேங்க, இருக்கேங்க" என்று எழும்பினார்கள். அனே, இவ்வளவுதானா என்று அவளுக்கு ஒரே சந்தோசம்.

காமாட்சி வந்தது அதற்குப் பிறகு. கொழுந்து எடுக்கிற பெண். மழையில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து, பின்தலை கல்லில் மோதியிருக்கிறது. காலையில் கொண்டுவந்தபோது சுயநினைவு நன்றாக இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா. நம்ம ஆளு ஒருத்தங்க இருக்காங்களே. இவங்க என்னா கேட்டாலும் பயமா இருக்கு மிஸ்ஸி."

"பயப்படாத. தல வலிக்குதா?"

"ஆமாங்க."

"ஆமாங்க சொல்லாத. நெசமாச் சொல்லு."

சிரித்துவிட்டாள். "கொஞ்சமா வலிக்குது. வீட்டுக்குப் போவலாமா? கடேசிப் புள்ள இன்னும் புள்ளக்காம்பராவுலதான் கெடக்குது. நான் போவாட்டி ஒறங்காது."

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் காம்பராவில் ஆயா இருக்கிறாள், இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடிக்கும் வசதி இல்லை. நிலைமை மோசமானால் கண்டிக்கு அனுப்ப வேண்டும். மோசமாகிறதா இல்லையா என்பதை மணிக்கொரு தடவை கால்மாட்டில் நின்று கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் உயிர் அந்தக் கூப்பிடலில்தான் இருந்தது. அவள் கணவன் வெளியே வராந்தாவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

முதல் நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டேன். ஒரு தடவை. பேசாமல் கூரையைப் பார்த்தாள். இரண்டு. உதட்டைக் கடித்தாள். மூன்று. "இருக்கேங்க மிஸ்ஸி" என்றாள். வார்டுக்கு வந்து கொஞ்ச நேரத்திலேயே மற்றவர்கள் பாக்கியத்தின் கதையைச் சொல்லிவிட்டார்கள் போலும். எனக்கு நிம்மதி. தலைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பயம் கூட ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நான் வேலைக்கு வந்தது மத்தியானத்துக்குப் பிறகு. பனி அன்றைக்கு வெள்ளனவே ஏறிவிட்டது. வார்டில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். நில்மினி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"காமாட்சி அக்கா இப்போது என்னோடு நல்ல சிநேகம். ஒரே தடவைதான் கூப்பிட்டேன், உடனே பதில் சொன்னார். நேற்றையை விட நன்றாக இருக்கிறார். நீங்கள் சிங்கள எழுத்தில் எழுதித் தந்த கேள்விகளைக் கேட்டேன், பெயர், இடம், நாள் எல்லாம் சரியாகச் சொன்னார்."

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விளக்குப் போட்ட பிறகா கூப்பிட்டாய்?"

"ஓம். மூன்று தடவை கூப்பிடத்தான் போனேன். முதல் தடவையே சொல்லிவிட்டார்."

நான் விரைந்து போனேன். வார்டு சத்தமில்லாமல் கிடந்தது. காமாட்சியின் இருபக்கக் கட்டில்களிலும் போர்வை தலைக்கு மேல் இழுத்து மூடியிருந்தது. எதிர்க்கட்டில்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தாள். காமாட்சி மட்டும் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் போய் நின்றேன். கூப்பிடவில்லை. வாயே திறக்கவில்லை.

"இந்தா, வாரேன்" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும். "வாரேன்னுதானே சொல்றேன்."

அன்பாகச் சொன்னாள். அவசரப்படுத்துகிற உறவுக்காரரிடம் சொல்வது போல. போர்வைக்குள்ளிருந்து பக்கத்துக் கட்டில்காரி, "மிஸ்ஸி, அவள வேற எடத்துக்குக் கொண்டு போயிருங்க. அவ மதியத்துல இருந்து பதில் சொல்லிக்கிட்டே இருக்கா" என்றாள்.

"நாளு கெழமையெல்லாம் சரியாச் சொன்னாளாமே?"

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன். பாவம், அந்தச் சின்ன மிஸ்ஸி ஏசுவாங்களேன்னு."

கட்டிலருகே குனிந்து, "காமாட்சி, யாரு ஒன்னயக் கூப்புடுறா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வெளையாடாதீங்க மிஸ்ஸி" என்றாள்.

சிஸ்டரிடம் ஓடினேன். அவர் மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். காமாட்சி ஒரே கூப்பிடலுக்குப் பதில் சொல்கிறாள் என்றேன்.

"அது நல்லதுதானே?"

"இல்லை சிஸ்டர். அவளுக்குப் புத்தி தெளிவாக இருந்தால் பதில் சொல்லவே மாட்டாள். நேற்று சொல்லவில்லை. கூப்பிடாமலே பதில் சொல்கிறாள். பயம் போய்விட்டது. அவள் மோசமாகிறாள்."

சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நோயாளி உடனே பதில் சொல்கிறாள், சந்தோசமாக இருக்கிறாள், ஆகவே அவளைப் பனியில் கண்டிக்கு அனுப்புங்கள் என்று உலகத்தில் எந்த நர்ஸ் சொல்லியிருப்பாள்? சிஸ்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பெட்டியைப் பூட்டி முடித்தார். சத்தமில்லாமல் நடந்து காமாட்சியின் கால்மாட்டில் போய் நின்றார். சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

"காமாட்சி."

"வந்துட்டேன்" என்றாள். சிஸ்டரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். போர்வைகளுக்குள் யாரோ விசும்பினார்கள்.

சிஸ்டர் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. டொக்டருக்குப் போன் பண்ணினார். புதிதாக வந்த இளம் டொக்டர். காலையில் நான் பார்த்தபோது கண்மணி சரியாக இருந்தது, கை பலம் இருந்தது, இப்போதும் பேசுகிறார், இந்தப் பனியில் எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. சிஸ்டர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "நோயாளியின் குணம் மாறியிருக்கிறது டொக்டர். நீங்கள் வந்து பாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்."

அவர் குடைகூடப் பிடிக்காமல் ஓடி வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்துக் கட்டில்காரியை வாய் மூடச் சொல்லிவிட்டு, அவர் கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன். எங்கே இருக்கிறாய்? மலையில். யாரோடு? பெரட்டுக்குப் போகிறேன், நேரமாகிவிட்டது. டொக்டர் டோர்ச்சை மறுபடியும் அடித்தார். வலது கண்மணி சுருங்குவதற்குக் கொஞ்சம் பிந்தியது. டோர்ச்சை அணைத்துவிட்டு அம்புலன்ஸை எடுக்கச் சொன்னார். கூட நான் போனேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. காமாட்சியின் கணவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் நானும் அவளும் மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. வண்டி ஊர்ந்து போனது. நோயாளியைப் பேச வைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது நான் படித்த பாடம். எனக்கு வேலையே இருக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே வந்தாள். என்னோடு இல்லை.

"வாரேன்." கொஞ்ச நேரம் அமைதி. "ஆமா, வாரேன்." மறுபடியும் அமைதி.

எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. கோயிலில் வைத்துக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இருந்த அமைதி, ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் இருந்தது. கினிகத்தேனைக்கு மேலே உள்ள வளைவுகளில் அவள் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. தூரத்திலிருந்து பேசுவது போல இருந்தது. நான் படித்த நர்ஸ், தலைக்குள் இரத்தம் கட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டியவள். அத்தனையும் தெரிந்துகொண்டே என் உள்ளங்கையை எடுத்து அவள் வாய்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. மூச்சுக் கையில் சூடாகப் பட்டது. உதடு அசைந்தது. பதில் சொல்லப் பார்க்கிறாள்.

"அவ வரல" என்று உரக்கச் சொன்னேன். "அவளுக்குப் புள்ள இருக்கு. அவ வரமாட்டா."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கணவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் தொப்பியை மடியில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் தோட்டத்துக்காரன், நான் யாரோடு பேசுகிறேன் என்று அவனுக்குத் தெரியும். கண்டி ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றியபோது அவள் பேச்சு நின்றிருந்தது. நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்தாள். இரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள், இன்னும் பிந்தியிருந்தால் எடுத்தும் பயனில்லை என்று அங்கேயுள்ள டொக்டர் சொன்னாராம். இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. தலையில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவளுக்கு மூளை சரியில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது.

கொஞ்சம் தேறியதும் அவளை எங்கள் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். மொட்டைத் தலையில் கட்டோடு வந்து இறங்கினாள். வார்டே எட்டிப் பார்த்தது. நில்மினி "காமாட்சி அக்கே!" என்று கத்தினாள். அவள் உடனே "இருக்கேன்!" என்றாள். விளக்கு வைத்த பிறகும் நில்மினியின் முதல் கூப்பிடலுக்கே பதில் சொன்னாள். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்மணி ஒழுங்காக இருந்தது. நாள், கிழமை எல்லாம் அவளாகவே சொன்னாள்.

"பின்ன ஏன் அந்தப் புள்ளைக்கு ஒடனே பதில் சொல்ற?"

"அது பேசுற தமிழ மத்ததால பேச முடியுமா மிஸ்ஸி?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கூடச் சிரித்தார். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் கூப்பிட்டால் மட்டும் அவள் பதில் சொல்வதில்லை. பட்டப்பகலில் கூப்பிட்டாலும் சொல்வதில்லை. முதல் குரலுக்கு இல்லை, இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவது தடவை, தலையைத் திருப்பி என் வாயை உற்றுப் பார்ப்பாள். உதடு அசைவதைக் கண்ட பிறகுதான் "இருக்கேங்க" என்பாள். வார்டு நர்ஸ்மாரில் அவள் பாஷை பேசுகிறவள் நான் ஒருத்தி. அவளுக்காகப் பனியில் கண்டி வரை போனவள். எனக்கு மனசு நொந்துவிட்டது. ஒரு நாள் கட்டை மாற்றும்போது கேட்டே விட்டேன்.

"எங்கூட என்னா கோவம் ஒனக்கு?"

"ஐயோ, கோவமில்லீங்க." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. அன்னைக்கு ஜன்னல்ல இருந்து கூப்பிட்டுச்சுல்ல, அது ஒங்க கொரல்லதான் கூப்பிட்டுச்சு மிஸ்ஸி. நம்ம மிஸ்ஸிதானேன்னு மொத தடவையே பதில் சொல்லிட்டேன்."

கட்டைச் சுற்றி முடித்தேன். அன்றிலிருந்து அவள் இருக்கும் திசையில் குரல் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கிட்டப் போய்க் கையைத் தொட்டுத்தான் பேசுவேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று காலையிலேயே பனி. கணவன் முன்னால் போய் பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் மெதுவாக வாசல் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மருந்துப் பையை மேசையிலேயே விட்டுவிட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு நில்மினியோடு வாசலுக்கு ஓடினேன். முதுகு மங்கலாகத் தெரிந்தது.

"காமாட்சி!" என்றேன். நடந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். நடந்தாள். நிறுத்தி, தெளிவாக, மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். அவள் நடை வேகமானது. முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

நில்மினிதான் "காமாட்சி அக்கே! மருந்து! வா!" என்று கத்தினாள். உடனே நின்றாள். திரும்பி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. பையை வாங்கிக்கொண்டு என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டது கேக்கலியா? மூணு தடவ கூப்பிட்டேனே."

"கேட்டுச்சுங்க மிஸ்ஸி" என்றாள். "ஒங்க கொரல்ல எனக்கு நாலு தடவ கேட்டுச்சு. அதான் திரும்பல."

பிறகு பனிக்குள் போய் பஸ் ஏறிவிட்டாள். அக்கா என்ன சொன்னார் என்று நில்மினி சிங்களத்தில் கேட்டாள். மருந்தை ஒழுங்காகப் போடுவாளாம் என்று சொன்னேன்.